வலிப்பு நோயுள்ள நாயை வளர்க்க என் சம்பளம் போதுமா?

கேள்வி: அக்கா, நான் ஹட்டனில் பாடசாலை ஆசிரியை. கையில் வரும் சம்பளம் 62,000 ரூபா. கண்டிப் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்தில் கறுப்பி என்றொரு நாய் இருக்கிறது. ஐந்து வயது, ஒரு கண் தெரியாது, வலிப்பும் வரும். இரண்டு வருடமாக யாரும் கேட்டு வரவில்லையாம். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மனசு அங்கேயே கிடக்கிறது. மாத்திரைக்கு மட்டும் மாதம் 4,000 ரூபா ஆகும் என்கிறார்கள். எனக்கு எல்லாச் செலவும் போக மிஞ்சுவது 6,500. நுண்கடனில் மாதம் 4,200 வீதம் இன்னும் ஐந்து தவணை பாக்கி. பன்னிரண்டு பேர் சேர்ந்து 5,000 ரூபா சீட்டும் பிடிக்கிறோம், எனக்கு விழ எட்டு மாதம் ஆகும். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு 9 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. வருடத்துக்கு 72,000 வட்டி. தேவையென்றால் அதில் எடு என்று அம்மாவே சொல்கிறார். கறுப்பியைக் கொண்டுவரலாமா?

பதில்: கொண்டுவாருங்கள் தங்கச்சி. ஆனால் இப்போதே வேண்டாம், ஐந்து மாதம் பொறுங்கள். காப்பகத்தில் அதுவரை வைத்திருப்பார்களா என்று நாளைக்கே பேசி, உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள்.

காரணம் இந்த நோயிலேயே இருக்கிறது. வலிப்புக்குப் பெரும்பாலும் கொடுப்பது பீனோபார்பிட்டல் மாத்திரை. காலையிலும் இரவிலும், அநேகமாக ஆயுள் முழுவதும். அதைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமான வலிப்பு வரலாம். "இந்த மாதம் கை இறுக்கம், அடுத்த மாதம் வாங்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கறுப்பியின் காசை மாத மிச்சத்தில் தேடக் கூடாது. சம்பளம் வந்த அன்றே, சீட்டுக் காசு எடுத்து வைப்பது போல, அதையும் எடுத்து வைத்துவிட வேண்டும்.

சரி, எவ்வளவு? நீங்கள் மாத்திரையை மட்டும்தான் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். இந்த மருந்து நாய்க்குப் பசியைக் கூட்டும், தண்ணீரும் நிறையக் குடிக்கும். அதனால் சோறு, நெத்தலி, ஈரல் என்று சாப்பாட்டுக்கு 3,500 போடுங்கள். அப்புறம் இரத்தப் பரிசோதனை. மருந்து ஈரலைப் பாதிக்கிறதா, அளவு சரியா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும். நாயோடு பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய்வர வாடகை வண்டிதான். அதற்கு 12,000, பரிசோதனைக்கு 6,000 என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 18,000, மாதக் கணக்கில் 3,000. மலையகத்தில் வைத்தியச் செலவைவிட வண்டிக் கூலிதான் ஆளைக் கவிழ்க்கும், மனிதருக்கும் இதே கதைதான். உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் இரத்தம் எடுத்து அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஆட்கள் மாட்டு டொக்டர் என்பார்கள், ஆனால் நாயையும் பார்ப்பவர்தான். விசர் நோய்த் தடுப்பூசி அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, அதற்குக் காசு ஒதுக்க வேண்டாம்.

ஆக மாதம் 10,500. இன்று உங்களிடம் இருப்பது 6,500. கடன் முடிந்ததும் 4,200 கைக்கு வரும், மொத்தம் 10,700. இதனால்தான் ஐந்து மாதம் கேட்டேன்.

அந்த ஐந்து மாதமும் கறுப்பி வீட்டில் இருப்பதாகவே நினைத்து, 6,500 ரூபாவைத் தனி வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். முடிவில் 32,500 சேர்ந்திருந்தால் அவள் ஒரு சேமிப்போடு வீட்டுக்கு வருவாள். இரண்டு மாதத்திலேயே அதில் கை வைக்க நேர்ந்தால், உங்கள் வீட்டுச் செலவு எங்கோ கணக்கில் வராமல் ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் நாய். எட்டாம் மாதம் விழும் 60,000 சீட்டுக் காசையும் அதே புத்தகத்தில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் மாதம் மிஞ்சும் 200 ரூபாவை நம்பி நோயாளியை வைத்திருக்க முடியாது.

அம்மாவின் காசைத் தொட வேண்டாம். மழையிலும் அட்டைக் கடியிலும் மலை ஏறி இறங்கிச் சேர்த்த காசு அது, அவருக்கே வைத்தியம் தேவைப்படும் வயது வருகிறது. வைப்பை இடையில் உடைத்தால் வட்டியும் குறையும். அவருக்காக ஒன்று செய்யலாம். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். அம்மாவுக்கு வருடம் 7,200 மிஞ்சும். அது அவருடைய காசாகவே இருக்கட்டும்.

இனிச் சொல்லப்போவது கஷ்டமான விஷயம். எங்கள் வீட்டு நாய்க்குச் சிறுநீரகம் பழுதானபோது, இரவோடு இரவாக முடிவெடுத்து, விடிந்ததும் இரண்டு காப்புகளை அடகு வைத்தேன். ஒன்பது நாள் இருந்தான். காப்புகளை மீட்கப் பதினான்கு மாதம் ஆனது. அவனுக்குச் செலவழித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. "இந்தக் காசு இவனுக்கு நல்ல நாட்களைத் தருமா?" என்று டொக்டரிடம் நேராகக் கேட்காமல் விட்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நீங்கள் கேளுங்கள். அவசரத்துக்கு எந்தத் தொகை வரை போவது என்பதை, கறுப்பி நன்றாக ஓடித் திரியும் ஒரு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து பேசி, அந்த வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். இது டொக்டரின் துண்டு இல்லாமல் பாமசியில் கிடைக்காது, எல்லாப் பாமசியிலும் இருக்காது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண்சரிவில் பாதைகள் எப்படி அடைபட்டுக் கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, வலிப்பு வந்த திகதி, நேரம், எத்தனை நிமிடம் என்று குறித்து வாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு தெளியுமுன் அடுத்தது வந்தாலோ உடனே வண்டி பிடிக்க வேண்டும். மற்றபடி அந்தக் கொப்பியைப் பார்த்தே டொக்டர் மருந்தைக் கூட்டிக் குறைப்பார், வீண் பயணங்கள் மிச்சமாகும். வலிப்பின்போது அவள் வாய்க்குள் கை வைக்கக் கூடாது. இதை அம்மாவுக்கும் காட்டிக் கொடுங்கள்.

அடுத்த முறை காப்பகத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பாடசாலையில் இருக்கும் நேரமெல்லாம் கறுப்பியோடு இருக்கப்போகிறவர் அவர்தானே.