18 வயதில் இல்லத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி மட்டும் போதுமா?

கேட்டவர் குன்னூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு உதவ நினைக்கிறார். 18 வயதாகி வெளியே வரும் பிள்ளைகளுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்துத் தொழில் கற்றுத்தரலாமா, வேறு ஏதாவது செய்யலாமா என்பது அவர் கேள்வி.

நானும் அப்படி வெளியே வந்தவன்தான். ஊரில் எங்களை 'ஹோம் பசங்க' என்பார்கள். 2016-ல் வெளியே வந்தேன். இப்போது ஊட்டி, குன்னூர் ரிசார்ட்டுகளில் வயரிங்கும் கீசர் ரிப்பேரும் பார்க்கிறேன்.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் இல்லத்துக்கு ஒரு புண்ணியவான் ஏழு தையல் மெஷின் கொடுத்தார். அதனால் எங்கள் செட் பையன்கள் எல்லோரும் தையல் படித்தோம். யாருக்கு அது பிடிக்கும், மலையில் அந்த வேலை கிடைக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தையல் என்றால் அப்புறம் திருப்பூர்தானே? அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். 19 நாள் இருந்தேன். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஒருநாள் சூப்பர்வைசர் திட்டினார், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மற்ற பையன்களுக்கும் அதே திட்டுதான். அவர்கள் ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பிவிட்டுக் காலையில் ஷிப்டுக்கு வந்துவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கி நின்றபோதுதான் எங்கே போகிறோம் என்ற யோசனையே எனக்கு வந்தது. இல்லத்தில் என் கட்டிலில் வேறு பையன் படுத்திருந்தான்.

அன்றைக்கு என்னைக் கூட்டிப்போனது, அதே இல்லத்தில் வளர்ந்து எனக்கு நாலு வருஷம் முன்னால் வெளியே போன ஓர் அண்ணன். ஊட்டியில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் ஹெல்பராக இருந்தார். ஒற்றை ரூம், அதில் எனக்கும் ஒரு பாய். தொழிலை அப்புறம் அவரிடமும் அவர் முதலாளியிடமும் கற்றுக்கொண்டேன். முதலில் கற்றது சோறு வைக்க. சிரிக்காதீர்கள். இல்லத்துச் சமையல் கட்டில் எண்பது பேருக்குச் சாம்பார் வைத்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர் அரிசி என்று தெரியாது. சோப்பு தீர்ந்தால் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பதுகூடப் புதுசு. முதல் சம்பளத்தை ஆறு நாளில் காலி செய்தேன். அண்ணன் திட்டவில்லை. தான் நாலே நாளில் காலி செய்ததாகச் சொன்னார். நல்ல மனசுள்ள பெரியவர்கள் எத்தனை பேர் அறிவுரை சொன்னாலும் அந்த வார்த்தை அவர்களிடம் வராது.

அதனால் என் பதில்: மெஷின் வேண்டாம், ஆளைப் பிடியுங்கள். அந்த இல்லத்திலிருந்து மூன்று நான்கு வருஷம் முன்பு வெளியேறி, ஓரளவு காலூன்றிய அண்ணன், அக்காக்களைத் தேடுங்கள். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அவர்களும் தினக்கூலிக்காரர்கள்தான், பஸ் காசும் போன் ரீசார்ஜும் நீங்கள் கொடுங்கள். 18 வரை காத்திருக்காமல் 17-லேயே பழகவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகட்டும், வாடகைக்கு வீடு பார்க்கும்போது உடன் வரட்டும். 'வீட்டில் யார் யார் இருக்காங்க?' என்று ஓனர் கேட்கும்போது என்ன சொல்வது என்பதை யாராவது ஒத்திகை பார்க்க வைக்கவேண்டும். அப்புறம் தீபாவளி. ரூமில் இருக்கும் மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டால் அந்த இரண்டு நாள் பெரிய கொடுமை.

இதில் வம்பும் உண்டு. ஒரு தம்பிக்கு நான் கடன் கொடுத்தேன். பணமும் போனது, அவனும் போனான். இப்போது சாப்பாடு உண்டு, கடன் இல்லை. மூத்தவன் என்ற திமிரில் சின்னப் பையன்களை வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இல்லத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை தம்பியிடம் தனியாகப் பேசவேண்டும்.

தொழில் என்றால் மலைக்கு ஏற்ற தொழில். ஏப்ரல், மே சீசனில் ஹோட்டல்களில் யாரையும் எடுப்பார்கள், ஜூனில் மழை பிடித்ததும் அனுப்பிவிடுவார்கள். கீசர், பிளம்பிங், வயரிங்குக்கு மழைதான் சீசன். குன்னூரிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்றால் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் 1000 ரூபாயும் வரும்.

சட்டத்திலும் வழி இருக்கிறது, எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 18 முடிந்து வெளியேறுகிறவர்களுக்குப் பண உதவி தரலாம் என்கிறது. இதைப் பிற்காப்பு என்பார்கள். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அதற்கு மாதம் 4000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கவேண்டும், கடைசி மாதத்தில் ஓடினால் நடக்காது. அதோடு ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் செட்டில் ஒருவனுக்கு மூன்றிலும் மூன்று இனிஷியல், பி.எஃப். பணத்தை எடுக்க ஒரு வருஷம் அலைந்தான்.

வீட்டு முகவரி இல்லாததால் கேஸ் கனெக்‌ஷன் கிடைக்காது என்று பயப்படவேண்டாம். அஞ்சு கிலோ சின்ன சிலிண்டருக்கு அடையாள அட்டை மட்டும் போதும்.

அடுத்த மாதம் ஒரு தம்பி வெளியே வருகிறான். குன்னூரில் ரூம் பார்த்தாயிற்று, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அந்தச் சின்ன சிலிண்டரும் அடுப்பும் வாங்கிவிட்டேன். மூணு லிட்டர் குக்கர் ஒன்றுதான் பாக்கி. உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.