டீமனிலிருந்து விண்டோ திறக்கவில்லையா? வேலையை இரண்டாகப் பிரியுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறோம். எடைமேடையின் சீரியல் போர்ட்டிலிருந்து எடையைப் படிக்கும் ப்ரோகிராமை உபுண்டுவில் சர்வீஸாகப் போட்டிருக்கிறேன். நெல் லாரி ஏறி எடை நிலைத்ததும் திரையில் விண்டோ வர வேண்டும். டெர்மினலில் ஓட்டினால் வருகிறது, சர்வீஸாக ஓட்டினால் டிஸ்ப்ளேவைத் திறக்க முடியவில்லை என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: விண்டோ வரையும் கோடில் தப்பு இல்லை. டெர்மினலில் ஓட்டும்போது எந்தத் திரை, அதில் வரைய அனுமதிச் சாவி எங்கே என்ற விவரமெல்லாம் உங்கள் லாகினிலிருந்து ப்ரோகிராமுக்குத் தானாக வந்துவிடுகிறது. உபுண்டுவில் சர்வீஸ்களைக் கிளப்பிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி கிளப்பும் சர்வீஸுக்கு அது எதுவும் கிடைக்காது. கரண்ட் போய் வந்து மெஷின் பூட் ஆகும்போது யாரும் லாகின் செய்வதற்கு முன்பே சர்வீஸ் ஓட ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தில் யாருடைய திரையில் போய் விண்டோ திறக்கும்?

எந்தத் திரை என்று சொல்லும் டிஸ்ப்ளே வேரியபிளைக் கையால் கொடுத்து ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ (xhost +) கமாண்டை அடி என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். திரையில் விண்டோக்களை வரையும் எக்ஸ் சர்வருக்கு யார் வரலாம் என்ற தடையையே அது எடுத்துவிடுகிறது, அப்புறம் உள்ளே வரும் எந்த ப்ரோகிராமும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் பிடிக்கலாம். விண்டோஸுக்கு மாறியும் பயனில்லை. விஸ்டா காலத்திலிருந்தே அங்கே சர்வீஸ்கள் செஷன் 0 என்ற, லாகின் செய்தவரின் திரையைத் தொட முடியாத தனி அறையில்தான் ஓடுகின்றன.

சரியான வழி, டீமனை, அதாவது பின்னணியில் ஓடும் உங்கள் சர்வீஸை, விண்டோ பக்கமே போக விடாமல் இருப்பது. அது எடையைப் படித்து முதலில் டேட்டாபேஸில் எழுதட்டும், பிறகு ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே மெஷினில் இரண்டு ப்ரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) அனுப்பட்டும். விண்டோ காட்ட இன்னொரு சின்ன ப்ரோகிராம் எழுதி, ஆபரேட்டர் லாகின் செய்ததும் கிளம்பும்படி ஆட்டோஸ்டார்ட்டில் போடுங்கள். அது சாக்கெட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும், எடை வந்ததும் விண்டோவைத் திறக்கும். விண்டோ செத்தாலும் எடை தொலையாது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம் போகிறது.

இரண்டு விஷயத்தைக் கோடிலேயே கவனியுங்கள். டீமன் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோ ப்ரோகிராம் விடாமல் மறுபடி இணைய முயல வேண்டும். புதிதாக இணைந்ததும் கடைசி எடையை டீமன் உடனே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் லாரி மேடையில் நிற்கும்போது லாகின் செய்பவருக்கு வெறும் திரைதான் தெரியும்.

சாக்கெட்டை எல்லாருக்கும் திறந்து விடாமல் ஒரு குரூப்புக்கு மட்டும் கொடுத்து, ஆபரேட்டரை அதில் சேருங்கள். சேர்த்த கையோடு அவர் லாக்அவுட் செய்துவிட்டு வர வேண்டும், அதுவரை பெர்மிஷன் இல்லை என்றே வந்துகொண்டிருக்கும்.