ஸ்ட்ரைக்கர் மூவர் வேண்டாம், கோல்கீப்பரைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, சாட்ஸ்வர்த்தில் எங்கள் பகுதிப் பையன்களை வைத்து ஒரு கால்பந்து கிளப் நடத்துகிறோம். நான்தான் மேலாளர். ஞாயிற்றுக்கிழமை லீக்கில் இரண்டு வருடமாக இரண்டாம் இடம். போன சீசனில் 22 ஆட்டத்தில் 58 கோல் போட்டோம், லீக்கிலேயே அதிகம். ஆனாலும் கோப்பை இரண்டு புள்ளியில் கைநழுவிவிட்டது. எங்கள் கோல்கீப்பருக்குப் புராஸ்பெக்டனில் ஷிப்ட் வேலை. அவன் வர முடியாத ஆறு ஆட்டங்களில் நடுக்களத்துப் பையன் ஒருவனைக் கோலில் நிறுத்தினோம். இப்போது கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், "60,000 ராண்ட் தருகிறேன், பக்கத்து கிளப்புகளிலிருந்து மூன்று ஸ்ட்ரைக்கர்களைக் கொண்டு வா" என்கிறார். கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. புதியவர்கள் வந்தால் 20 பேர் பட்டியலிலிருந்து மூவரை எடுக்க வேண்டும். அதில் என் அக்கா மகன் பெயரும் அடிபடுகிறது. 19 வயது, இடது பக்க டிஃபெண்டர். பேச்சு காதுக்குப் போனதிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. சாம்பியன் அணிகளை எப்படித்தான் கட்டுகிறார்கள்? நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 58 கோல் போட்டதைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். எத்தனை கோல் வாங்கினீர்கள் என்று எழுதவே இல்லை. கோல்கீப்பர் இல்லாத அந்த ஆறு ஆட்டங்களில் எத்தனை புள்ளி போனது என்றும் இல்லை. ஸ்கோர் நோட்டை எடுத்து முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள். கோப்பை இரண்டு புள்ளியில் போனது என்கிறீர்கள். அந்த இரண்டு புள்ளி அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடக்கிறது என்பது என் கணிப்பு.

பெரிய கிளப்புகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு தாளில் பதினோரு இடம். ஒவ்வோர் இடத்துக்கும் நேராக இரண்டு பெயர், இரண்டு பேரின் வயது, அவர்கள் எத்தனை ஆட்டத்துக்கு வர முடியும் என்ற கணக்கு. எந்த இடத்தில் இரண்டாவது பெயர் இல்லையோ அந்த இடம் தாளிலேயே வெறுமையாகத் தெரியும். யாரை வாங்குவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். மாமா பெயர்களிலிருந்து தொடங்கியிருக்கிறார். அவர் மனசு நல்ல மனசு, பணம் கொடுக்க முன்வருகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது.

உங்கள் கமிட்டியில் பாதிப்பேர் லிவர்பூல் ரசிகர்களாக இருப்பார்கள். சாட்ஸ்வர்த்தில் அப்படி இல்லாத கமிட்டியை நான் பார்த்ததில்லை. அவர்களிடம் 2018ஐ நினைவுபடுத்துங்கள். 2017-18 சீசனில் லிவர்பூல் லீக்கில் 84 கோல் போட்டது. சலா, மானே, ஃபிர்மினோ மூவரும் ஓடிய ஓட்டத்தை யார் மறப்பார்கள்? ஆனால் வாங்கிய கோல் 38. லீக்கில் நான்காம் இடம். சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை போய், கீவ் நகரத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 3-1 என்று தோற்றது. அதில் இரண்டு கோல் கோல்கீப்பரின் தவறால் விழுந்தவை.

அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கூட்டினியோவை பார்சலோனாவுக்குப் பெருந்தொகைக்கு விற்றிருந்தார்கள். ரசிகர்களின் செல்லப்பிள்ளை அவர். அவர் இடத்துக்கு உடனே இன்னொரு வித்தைக்காரரைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. 7.5 கோடி பவுண்ட் கொடுத்து வான் டைக் என்ற நடு டிஃபெண்டரைக் கொண்டு வந்தார்கள். இறுதியாட்டம் தோற்ற அதே கோடையில் அலிசன் என்ற கோல்கீப்பருக்கு 6.5 கோடிக்கு மேல் கொடுத்தார்கள். கோல்கீப்பருக்கு இவ்வளவா என்று அப்போது வாய் பிளந்தவர்கள் பலர். அடுத்த சீசனில் லிவர்பூல் 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 22. சாம்பியன்ஸ் லீக் கிடைத்தது. அதற்கடுத்த சீசனில் 30 ஆண்டு காத்திருந்த லீக் பட்டமும் வந்தது. முன்வரிசை மூவர் அதே மூவர்தான். மாறியது பின்னால்.

இனி மாமா கேட்கிற மூன்று ஸ்ட்ரைக்கர் விஷயம். இதை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து பார்த்த கிளப் ஒன்று இருக்கிறது. பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் 2021 முதல் 2023 வரை மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரையும் ஒன்றாக முன்னால் நிறுத்தியது. மூவரும் தனித்தனியே எப்பேர்ப்பட்டவர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சு லீக் கிடைத்தது. ஆனால் அவர்கள் ஏங்கிய சாம்பியன்ஸ் லீக்கில் அந்த இரண்டு சீசனிலும் கடைசி 16 அணிகள் சுற்றைத் தாண்டவில்லை. பந்து எதிரணியிடம் போனால் ஓடிப்போய்ப் பறிக்க வேண்டியவர்கள் பத்துப் பேர், அவர்களில் மூன்று பேர் நின்று பார்த்தால் மற்ற ஏழு பேர் எவ்வளவு ஓடுவார்கள்? மூவரும் ஒருவர்பின் ஒருவராகப் போன பிறகு, 2025 மே மாதம், இன்டர் மிலானை 5-0 என்று வீழ்த்தி அதே கிளப் அந்தக் கோப்பையைத் தூக்கியது. கோச் லூயிஸ் என்ரிக்கேயின் அந்த அணியில் முன்வரிசைக்காரர்கள்தான் முதலில் பந்தைத் துரத்தினார்கள். இரண்டு கோல் போட்ட தூவே என்ற பையனுக்கு வயது 19. உங்கள் மருமகன் வயதுதான்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, தம்பி. பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு பகுதி கிளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கும் ஒருவர் பணம் கொடுத்தார். நான்கு முன்வரிசைக்காரர்களை வெளியிலிருந்து கூட்டி வந்தேன், அவர்களுக்கு மட்டும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம். எட்டு வயதிலிருந்து எங்களோடு ஓடிய பையன்கள் பஸ் காசுகூடத் தங்கள் கையிலிருந்து போட்டு வந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் உடை மாற்றும் அறையில் இரண்டு கூட்டம். பந்தைப் பிடித்தால் இவர்கள் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. எங்களிடம் இருந்த மிக நல்ல டிஃபெண்டர், சத்தமே போடாத பையன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதன்பிறகு வரவே இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "அங்கிள், நான் இலவசம்தானே" என்று மட்டும் சொன்னான். அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே பணத்தைப் பற்றி என் கண்டிப்பான பேச்சு இது: வருகிறவனுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே இருக்கிறவனுக்கும் கொடுங்கள். எல்லோருக்கும் போக்குவரத்துக் காசு, ஒரே அளவு. முடியாவிட்டால் யாருக்கும் வேண்டாம். கோடிகள் புரளும் கிளப்புகளிலேயே சம்பள ஏற்றத்தாழ்வு அணியைக் குலைக்கிறது. ஒரே தெருவில் குடியிருக்கும் பையன்களிடம் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நினைத்துப் பாருங்கள்.

சாம்பியன் அணியைப் பார்க்க நீங்கள் ஐரோப்பா போகவும் வேண்டாம். நம் நாட்டின் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சீசன் 1996-97. பதினெட்டு அணிகள். கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் என்று நாடே திரண்டு நிற்கும் பெயர்களுக்கு நடுவில் பட்டத்தை எடுத்தது மேனிங் ரேஞ்சர்ஸ். நம் சாட்ஸ்வர்த் மைதானத்தில் ஆடிய நம் கிளப். டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் இனப்பாகுபாடு இல்லாத கால்பந்துக்காக வியர்வை சிந்திய தலைமுறை அன்று உயிரோடு இருந்து அதைப் பார்த்தது. என் பக்கத்தில் நின்ற பெரியப்பா ஒருவர் அழுதது கண்ணிலேயே நிற்கிறது. அந்த அணியின் கோச் கோர்டன் இகசண்ட் பிறகு பைரேட்ஸ், கேப் டவுனின் சான்டோஸ், சன்டவுன்ஸ் என்று இன்னும் மூன்று கிளப்புகளோடு லீக் வென்றார். நான்கு கிளப், நான்கு வெவ்வேறு வீரர் கூட்டம். ஒரே பெயர்களைத் தூக்கிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போகவில்லை.

ஆனால் ரேஞ்சர்ஸ் கதையில் பாதியைச் சொல்லி நிறுத்தினால் உங்களை ஏமாற்றியதாகும். பத்து ஆண்டுக்குள் அந்தப் பெயரே முதல் பிரிவில் இல்லாமல் போனது, உரிமமும் கைமாறியது. ஒரு முறை வெல்லும் அணி வேறு, வென்றுகொண்டே இருக்கும் அணி வேறு. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டிக்கும் இதே கதை. 2015-16ல் யாரும் எதிர்பாராமல் லீக் வென்றார்கள். கேப்டன் வெஸ் மோர்கன் 38 ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியே போகவில்லை. ஐரோப்பியப் போட்டிகள் இல்லாததால் சிறிய கூட்டத்தை வைத்தே சமாளிக்க முடிந்தது. அந்தக் கோடையில் நடுக்களத்து கான்டே ஒருவர் செல்சிக்குப் போனார். அடுத்த சீசனில் செல்சி சாம்பியன், லெஸ்டர் 12ஆம் இடம். கான்டே கோல் போடும் ஆள் அல்ல, பந்தைப் பறித்துக் கொடுக்கும் ஆள்.

தொடர்ந்து வெல்வதற்கு நம் நாட்டு உதாரணம் மாமெலோடி சன்டவுன்ஸ். 2017-18 தொடங்கி 2024-25 வரை எட்டு லீக் பட்டம், இடைவிடாமல். கிளப் உரிமையாளர் பேட்ரிஸ் மொட்செபேயின் பணம் இல்லாமல் அது நடந்திருக்காது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்று பாருங்கள். ஸ்ட்ரைக்கர் ஷலுலிலே ஹைலண்ட்ஸ் பார்க்கிலிருந்து வந்தார், நடுக்களத்து மொகோயேனாவும் கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸும் சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டிலிருந்து. எல்லோரும் இதே லீக்கில், இதே மைதானங்களில், இதே வெயிலில் ஆடிக் காட்டியவர்கள். எப்படி ஆடுவார்களோ என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. வில்லியம்ஸ் வந்தபோதும் அங்கே கோல்கீப்பர் பஞ்சம் இல்லை, ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் வென்ற ஓன்யாங்கோ இருந்தார். அவருக்கு வயதாகிறது என்பதைத் தாளில் பார்த்து, இடம் காலியாகும் முன்பே ஆளைக் கொண்டு வந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் நம் நாட்டு அணிக்காக, கேப் வெர்டேயோடு பெனால்டி ஷூட்அவுட்டில் அந்த வில்லியம்ஸ் நான்கு பந்தைத் தடுத்தபோது டர்பன் முழுக்கக் கத்தியதே, உங்களுக்கும் நினைவிருக்கும்.

இப்போது உங்கள் 60,000 ராண்ட். முதல் செலவு இரண்டாவது கோல்கீப்பர். உங்கள் லீக்கிலேயே ஏதோ ஒரு கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 21, 22 வயதுப் பையன் ஒருவன் இருப்பான். அவனுடைய கிளப்போடு நேராகப் பேசுங்கள், பதிவு விதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள், இரவோடு இரவாக இழுத்து வர வேண்டாம். அடுத்த ஞாயிறும் அவர்கள் முகத்தில்தான் விழிக்கப் போகிறீர்கள். இரண்டாவது, நடு டிஃபெண்டர் ஒருவர், கொஞ்சம் வயதானவராக இருந்தாலும் பரவாயில்லை, வாய் திறந்து மற்றவர்களை நிறுத்தத் தெரிந்தவராக. கோலில் நின்று அல்லாடிய அந்த நடுக்களத்துப் பையனை அவன் இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள். அதுவே உங்களுக்கு ஒரு புது வீரர் வந்த மாதிரி. மீதிப் பணம் போக்குவரத்துக்கும் நல்ல முதலுதவிப் பெட்டிக்கும். புது ஸ்ட்ரைக்கர் ஒருவருக்கும் இதில் இடமில்லை. 58 கோல் போட்ட பையன்களை அவமானப்படுத்தாதீர்கள்.

மாமாவிடம் இதைக் கமிட்டியில் வைத்துச் சொல்லாதீர்கள். தனியாகப் போய், அந்தத் தாளையும் ஸ்கோர் நோட்டையும் அவர் கடை மேசையில் விரித்துக் காட்டுங்கள். கடைக்காரருக்கு எந்தச் சரக்கு தீர்ந்திருக்கிறது, எது குவிந்து கிடக்கிறது என்ற கணக்கு நம்மைவிட நன்றாகப் புரியும். பிறகும் ஸ்ட்ரைக்கர்தான் வேண்டும் என்றால், நன்றி சொல்லி அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் மருமகன் விஷயம்தான் எனக்கு அதிகம் கவலை. அவன் எப்படி ஆடுகிறான் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அக்கா மகன் என்பதால் வைத்தால் மற்ற பத்தொன்பது பேருக்கும் தெரியும். அக்கா மகன் என்பதாலேயே, பழி வரக்கூடாதென்று எடுத்தால் அதுவும் அநியாயம். இடது பக்கத்தில் உங்களிடம் எத்தனை பேர்? அவன் இரண்டாவது ஆள் என்றால் பட்டியலில் இருக்கட்டும், அவன் இரண்டாவது ஆள் என்பதும் அவனுக்குத் தெரியட்டும். மூன்றாவது ஆள் என்றால், வாரம்தோறும் ஆடக் கிடைக்கும் வேறொரு கிளப்புக்கு நீங்களே பேசி அனுப்புங்கள். 19 வயதில் ஒரு வருடம் பெஞ்சில் உட்காருவதைவிடச் சின்ன கிளப்பில் 20 ஆட்டம் ஆடுவது மேல். எதுவானாலும் அவன் வெளியிலிருந்து கேள்விப்படக் கூடாது. உங்கள் அக்காவின் கோபம் பட்டியலைப் பற்றியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தன் பிள்ளை பெயர் ஊர் வாயில் அடிபட்டதும், தம்பி தன்னிடம் வந்து சொல்லாததும்தான் அவர் நெஞ்சில் குத்தியிருக்கும்.

தைப்பூசம் நெருங்குகிறது. பையன்களில் காவடி எடுப்பவர்கள் விரதத்தில் இருப்பார்கள், அந்த நாட்களில் ஆள் தேர்வு வைக்காதீர்கள், கால் ஓடாது. அந்த வாரத்தை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மருமகனை மைதானத்துக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுங்கள். அன்று மாலையே அவனோடு சேர்ந்து அக்கா வீட்டுக்குப் போங்கள். கதவைத் திறந்ததும் கால்பந்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். அவர் டீ போட்டுக் கொடுக்கும்வரை காத்திருங்கள்.