தோற்ற ஆட்டத்தைத் திருப்பிப் பார்த்தல்: சேலம் சதுரங்க ஆட்டக்காரர்களுக்குப் பதில்கள்

கேள்வி (அஸ்தம்பட்டி): கறுப்புக் காய்களுடன் ஆடினேன். இத்தாலியத் தொடக்கம். நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு வந்ததும் நான் சிப்பாயை டி5-க்குத் தள்ளினேன். அவர் வெட்டினார், நான் குதிரையால் திருப்பி வெட்டினேன். அவர் எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து, ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து செக் வைத்தார். என் ராஜா இ6-க்குப் போய் நடுப்பலகையில் மாட்டிக்கொண்டது. ஏழாவது நகர்வில் ஜி8-க்குத் திரும்பியிருந்தால் தப்பியிருப்பேனா?

பதில்: தப்பியிருக்க முடியாது. எஃப்3-க்கு வந்த ராணி உங்கள் ராஜாவையும் டி5 குதிரையையும் ஒருசேரத் தாக்குகிறது. ராஜா ஜி8-க்குப் போனால் வெள்ளை மந்திரி அந்தக் குதிரையைச் செக்குடன் வெட்டும், உங்கள் ராணி அதை வெட்டினால் வெள்ளை ராணி உங்கள் ராணியை வெட்டும், பிறகு இ6-இல் மந்திரியை இடைமறித்து வைத்தாலும் பத்தாவது நகர்வில் அதையும் வெட்டி மேட் ஆகிவிடும். ஆகவே குதிரைக்குக் காவலாக இ6-க்குச் சென்றது, அந்த நிலையில் சரியான நகர்வுதான்.

வலி ஏழாவது நகர்வில் தெரிந்தது. தவறு ஐந்தாவதில் நிகழ்ந்தது. டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி சி4 மந்திரியைத் தாக்கியிருக்க வேண்டும். மந்திரி பி5-இல் செக் வைத்தால் சி6-இல் சிப்பாயை நிறுத்துங்கள். அவர் அதை வெட்ட, நீங்கள் பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனால் அவருடைய மந்திரி மறுபடி பின்வாங்க வேண்டியிருப்பதால் உங்கள் காய்கள் வேகமாக வெளியே வரும். தோற்ற இடத்திலிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கிச் சென்று, நல்ல மாற்று வழி இருந்த கடைசி இடத்தைக் கண்டுபிடிப்பதே ஆய்வின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (ஏற்காடு): சேலத்தில் போட்டி முடிந்ததும் மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. ஆய்வை எப்போது செய்வது?

பதில்: எதிராளியிடம் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்: "எந்த நகர்வுக்குப் பயந்தீர்கள்?" இந்தக் கேள்விக்கான பதிலை எந்தக் கணினியாலும் தர முடியாது. மீதியை வீட்டில், அன்றிரவே, நினைவு மங்குவதற்குள் செய்யுங்கள். ஆட்டத்தின்போது நினைத்ததை முதலில் உங்கள் கையால் எழுதி முடித்த பிறகே ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருளைத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் விடை கிடைக்கும், உங்கள் சிந்தனை எங்கே பிசகியது என்பது மறைந்துவிடும்.

கேள்வி (அம்மாப்பேட்டை): என் நகர்வைவிட வேறொரு நகர்வு 0.2 சிறந்தது என்று கணினி காட்டுகிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த எண் ஏறத்தாழச் சிப்பாய்க் கணக்கு. ஒரு சிப்பாய் அளவுக்கு மேல் சரிந்த இடங்களை மட்டும் பாருங்கள்.

கேள்வி (ஆத்தூர்): சமநிலையில் இருக்கும்போது காய்களைப் பரிமாறிக்கொண்டால் ஆட்டம் டிரா ஆகும் என்று நினைத்து ஆடுகிறேன், பெரும்பாலும் தோற்றுவிடுகிறேன். ஏன்?

பதில்: 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிராவைக் காத்துவந்த அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென், 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2-இல் வைத்துப் பரிமாற்றத்துக்கு வழிவிட்டார். அவருடைய மந்திரி ஏ8 மூலையில் நின்றதால், யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தம் மந்திரியை டி5-இல் வைத்து அதையும் கட்டாயப் பரிமாற்றத்துக்குள் இழுத்தார். எஞ்சிய ராஜா-சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. உலகச் சாம்பியனுக்கே நேர்ந்தது இது. உங்கள் ஆட்டத்திலும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பக்கத்தில், கடைசியில் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் யாருடைய ராஜா முன்னால் இருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.