திண்ணைப் பள்ளிக் கணக்கு வெறும் மனப்பாடம்தானா?

அந்தக் காலத்தில் வீட்டுத் திண்ணையில் நடந்த திண்ணைப் பள்ளிகளில் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாம் வெறும் மனப்பாடம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடம்தான். அந்த 'வெறும்' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள், வாய்பாடுகள் அடங்கிய எண்சுவடியைச் சத்தம்போட்டு ஒப்பிப்பார்கள். அதில் ஆளைப் படுத்தி எடுப்பது பின்னங்கள். அடியில் முந்திரி, அதாவது 1/320. இரண்டு முந்திரி ஒரு அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா சேர்ந்தால் கால்.

சரி, முக்காணியையும் மாகாணியையும் கூட்டு என்றால்? இன்றைய பாடத்தில் அது 3/80 + 1/16. மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, பகுதிகளைச் சமமாக்கி, கூட்டிச் சுருக்கி 1/10 என்று முடிக்க நாலு வரியாவது ஆகும். திண்ணைப் பையனுக்கு முக்காணி என்றால் மூன்று காணி, மாகாணி என்றால் ஐந்து காணி. ஆக எட்டுக் காணி, அதாவது இருமா. எழுதவே வேண்டாம். நெல் அளக்கிற இடத்திலும் பொன் நிறுக்கிற இடத்திலும் இந்த வேகம்தான் தேவைப்பட்டது.

உடனே 'அது பொற்காலம்' என்று கிளம்பிவிட வேண்டாம். 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கெடுப்பில் சுமார் 12,500 பள்ளிகள் தேறின. ஆனால் அவற்றில் பெண்பிள்ளைகள் சொற்பம். பல சாதிப் பிள்ளைகளால் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது. பிரம்படி வேறு.

இடையில் ஒரு வேடிக்கை. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பானே, அதே மாதிரியான ஏற்பாட்டை எழும்பூர் அநாதைப் பள்ளியில் நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

அப்புறம் அரசு மானியம், தேர்வு, அச்சிட்ட பாடப்புத்தகம் என்று வந்து திண்ணைகள் காலியாயின. ஆனாலும் மாகாணி வாய்பாடு லேசில் சாகவில்லை. ரூபாய்க்கு 16 அணா இருந்ததால் ஓர் அணா என்பது கச்சிதமாக மாகாணி ரூபாய். கடைக்கணக்குக்கு அது தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. அதை முடித்துவைத்தது கல்வித்துறை இல்லை, நாணயம்தான். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. மாகாணி ரூபாய் 6.25 பைசா ஆகிவிட்டது. அதை வைத்து யார் வாய்பாடு ஒப்பிப்பார்கள்?