எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி: இறாலும் மீனும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளையில், மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். தலைமை அலுவலக உத்தரவுப்படி மேலாளர்கள், சூப்பர்வைசர்கள் அனைவருக்கும் இராமநாதபுரத்தில் ஒரு நாள் பன்முகத்தன்மைப் பயிற்சி (சாதி, மதம், ஆண்-பெண் பேதம் பாராமல் எல்லோரையும் சமமாக நடத்தப் பழக்கும் வகுப்பு) நடத்தினோம். வந்தார்கள், சாப்பிட்டார்கள், கையெழுத்திட்டுப் போனார்கள். ஆறு மாதமாகியும் இறால் உரிக்கும் பெண்களில் ஒருவர்கூடச் சூப்பர்வைசராகவில்லை. மறுபடியும் அதே வகுப்பை நடத்தச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மண்டபம்

பதில்: அதே வகுப்பை மறுபடியும் நடத்த வேண்டாம். இது உங்கள் ஆலைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள், அமெரிக்காவின் 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவுகளை வைத்து 2016இல் எழுதிய கட்டுரையில், இப்பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில் ஐந்தாண்டுகள் கழித்து மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு குறைந்தே போயிருந்தது என்றும், விரும்பி வருவோருக்கான பயிற்சியும் மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டும் ஏற்பாடும் அதைவிடப் பயன் தந்தன என்றும் காட்டினார்கள். 'உன் மனத்தில் கோணல் இருக்கிறது' என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பவர் முறைத்துக்கொள்ளத்தானே செய்வார்?

எனவே, மனத்தைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு, மேலாளர் அன்றாடம் எடுக்கும் முடிவுகளையே பாடமாக்குங்கள். முதலில் நேர்காணல். நம் கடற்கரையில் ஆளைப் பார்த்ததும் கேட்பது, 'எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?' என்பதுதான். அன்பாகத்தான் கேட்கிறோம், நானும் கேட்பவன்தான். ஆனால் கீழக்கரை என்றோ தங்கச்சிமடம் என்றோ உள்ளே ஒரு கண்மாய்க்கரைக் கிராமம் என்றோ பதில் வந்த மறுகணமே, கேட்டவர் மதத்தையும் பல வேளைகளில் சாதியையும் ஊகித்துவிடுகிறார். அதன்பின் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். எல்லோரிடமும் கேட்க வேண்டிய ஐந்தாறு கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து, இருவர் தனித்தனியாக மதிப்பெண் இட்ட பிறகே ஊர்க்கதை பேசுவது என்று பழக்குங்கள்.

அடுத்தது பதிவேடு. கடந்த ஓராண்டில் கூடுதல் நேர வேலை யாருக்குக் கிடைத்தது, குளிர்பதன அறைக்கு யார் அனுப்பப்பட்டார், யாருடைய பெயர் பதவி உயர்வுக்குப் போனது என்பதை ஒவ்வொரு சூப்பர்வைசரும் தம் கையாலேயே எழுதட்டும். வெளியிலிருந்து வந்தவர் சொன்னால் மறுப்பவர்கள், தம் கையெழுத்தில் ஒரே தெருக்காரர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு மௌனமாவார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வாராந்தரக் கூட்டம் வைத்துவிட்டு, ஜும்மா தொழுகைக்குச் சென்றவரைப் 'பொறுப்பற்றவர்' என்று குறித்த மேலாளர் ஒருவரை அறிவேன். கூட்டம் பதினொரு மணிக்கு மாறியதும் அந்தக் குறிப்புக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பெண்கள் தாங்களே சூப்பர்வைசர் பதவியை மறுக்கிறார்கள் என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். இரவில் கண்டெய்னர் ஏற்றி முடியும்வரை நிற்க வேண்டிய பதவியில், கடைசிப் பேருந்தை விட்ட பெண் எப்படி வீடு சேர்வார் என்பதை மேலாளர் யோசித்தாரா என்று கேளுங்கள்; வேன் ஒன்று ஏற்பாடானால் பதில் மாறக்கூடும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடச் சொல்கிறது. இவ்விரண்டும் உங்கள் ஆலையில் தாளில் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விரும்பி முன்வரும் மூன்று சூப்பர்வைசர்களோடு தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால், கடல் மீன் வரத்தை நம்பியிருக்கும் ஆலையில் கைகள் சற்று ஓய்ந்திருக்கும். பதிவேடுகளை விரித்துவைத்து உட்கார அதுவே தோதான சமயம். ஹோட்டல் வேண்டாம், உரிக்கும் மேசையருகே நாலு நாற்காலி போட்டால் போதும்.