‘வாக்களிக்கும் வயது’ கட்டுரையில் உலகளாவிய நோக்கு இல்லை என்ற அறிவிப்பு: என்ன செய்வது?

வணக்கம். உங்கள் விக்கிப்பீடியாக் கட்டுரையில் அந்த அறிவிப்பு விழக் காரணம் முதல் வரிதான்: “வாக்களிக்கும் வயது 18 ஆகும்.” அது இந்தியாவுக்கான விடை, தலைப்போ எல்லா நாடுகளுக்கும் பொது. “தேர்தலில் வாக்களிக்கச் சட்டம் கோரும் குறைந்தபட்ச வயது” என்று வரையறையில் தொடங்குங்கள். அடுத்து, பெரும்பாலான நாடுகளில் 18, ஆஸ்திரியாவில் 2007 முதல் 16, சிங்கப்பூரில் 21 என்று வேறுபாட்டைக் காட்டுங்கள். பிரேசிலில் 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம், கட்டாயமில்லை. இதையும் சேர்த்தால் நல்லது. 21 வயதை 18 ஆக்கிய அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் (1989 மார்ச் 28 முதல் நடைமுறை) ‘இந்தியா’ என்ற பிரிவுக்குப் போகட்டும். நீங்கள் எழுதியது எதுவும் வீணாகாது.

‘நம் நாட்டில்’ என்பதை ‘இந்தியாவில்’ என்று மாற்றுங்கள்; ‘தற்போது’ வரும் இடத்தில் ஆண்டைப் போடுங்கள்.

கட்டுரையில் “இளைஞர்களுக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி” என்று எழுதியிருக்கிறீர்கள்; அப்படிச் சொன்னது யார்? சொன்னவர் பெயரும் சான்றும் இருந்தால் அவர் கருத்தாக எழுதுங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். வயதுக்கும் தேதிக்கும் சட்டத்தின் வாசகமே சான்றாகப் போதும். ஏன் குறைத்தார்கள், என்ன விளைந்தது என்பதற்கு ஆய்வு நூல் வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவைச் சான்றாகத் தராதீர்கள். அதன் அடிக்குறிப்பிலுள்ள மூலத்தைத் திறந்து, படித்து, அதைக் கொடுங்கள். திருத்தி முடித்துக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (அதைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) தெரிவித்த பிறகே அறிவிப்பை எடுங்கள்.